ஆறாம் பக்கத்தில் முப்பது விநாடி

"கைக்கடிகாரம் ஒண்ணு, மூக்குக்கண்ணாடி ஒண்ணு, சாவிக்கொத்து ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே செவிலி ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். சட்டைப் பையைத் துழாவிய அவள் கை நின்றது. சின்னப் பஞ்சுப் பொட்டலம். பிரித்தாள். உள்ளே ஒற்றைக் கடைவாய்ப் பல்.

"இது என்னங்க?"

"பல்லு."

"அது தெரியுது. யாரோடது?"

"தெரியல. அவர் பல்லு செய்யறவர். யாருக்கோ செஞ்சு வெச்சிருக்கார்."

படிவத்தில் இதை எப்படி எழுதுவது என்று செவிலி ஒரு கணம் யோசித்தாள். 'செயற்கைப் பல் – 1' என்று எழுதி, தாளை எதிரே நின்றவன் பக்கம் திருப்பினாள். கையெழுத்துக்கு மேலே 'உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. 'தம்பி' என்று எழுதினான். அவனுக்கு நாற்பத்தேழு வயது. விரலிடுக்கில் இன்னும் வாத்திய வில்லுக்குத் தேய்த்த ரோசின் பிசின்பொடி இருந்தது. பேனா விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"சட்டையை நடுவுல கத்தரிச்சிட்டாங்க. வேணுமா?"

"வேணும்."

இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அண்ணன் வயோலா வாசித்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் நான்கு பேர். முதல் வயலின் டீச்சர்; இசைப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவர், குழுவை நடத்துபவரும் அவரே. இரண்டாம் வயலின் மருந்துக்கடைக்காரர். வயலினைவிடக் கனமான, தோளில் தாங்கி வாசிக்கும் வயோலா அண்ணனுடையது. வாரத்தில் ஆறு நாள் பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுத்துவிட்டு ஏழாம் நாள் வாசிக்க வருவதால் குழுவில் அவருக்குப் 'பல்லண்ணன்' என்று பெயர். ஆள் உயரத்துக்கு நிற்கும் செல்லோ அவனுடையது. நால்வரில் வாசிப்பையே பிழைப்பாக வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். முந்நூறு வருடத்துப் பழைய இசையையும் மை காயாத புது இசையையும் பத்தொன்பது வருடமாக ஒரே மேடையில் வாசித்து வந்தார்கள். ஆளுக்கு இரண்டு கருவி. பழசுக்கு ஆட்டுக் குடலில் முறுக்கிய தந்தி, புதுசுக்கு உலோகத் தந்தி. அண்ணனுக்குப் பழசுதான் உயிர். "பழசுல நாலு பேரும் பேசிக்கறோம். புதுசுல நாலு பேரும் கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்" என்பார். புதுசைக் குழுவுக்குள் கொண்டுவந்தவன் தம்பி. கொண்டுவந்த நாளிலிருந்து இருவருக்கும் அதில் ஓயாத இழுபறி.

படிவத்தை வாங்கிக்கொண்டு செவிலி போனதும் அவன் தாழ்வாரத்துக்கு வந்தான். டீச்சரும் மருந்துக்கடைக்காரரும் சுவரோரம் நின்றிருந்தார்கள். அண்ணன் இறந்துவிட்டார் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவர்கள் உட்காரவேயில்லை.

டாக்டர் செய்தியைச் சொன்னதோடு ஒரு கேள்வியும் கேட்டிருந்தார். "முன்னாடி ஏதாவது சொன்னாரா? நெஞ்சு வலி, தோள் வலி, வேர்க்குதுன்னு, எதுவாவது?"

டீச்சர் அவனைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் தரையைப் பார்த்தார்.

"இல்ல டாக்டர்" என்றான் அவன்.

சொல்லியிருந்தார். பழைய உருப்படியை முடித்துவிட்டுக் கருவி மாற்றும்போது, இடது தோளை வலது கையால் பிசைந்துகொண்டே சொன்னார். "தோளு ஒரு மாதிரியா இருக்குப்பா. ஒரு பத்து நிமிஷம் உக்காந்துட்டு ஆரம்பிக்கலாமே." அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சுருதி சேர்த்துக்கொண்டே, "உக்காந்துதானே வாசிக்கிற? என்னமோ நின்னுக்கிட்டு வாசிக்கிற மாதிரி!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். வயோலாக்காரருக்குத் தோள்வலி என்பது தபால்காரருக்குக் கால்வலி போல. யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பிறகு புது உருப்படியை ஆரம்பித்தார்கள். அதன் ஆறாம் பக்கத்தில் முப்பது விநாடி மௌனம். நால்வரும் வில்லைத் தந்தியின்மேல் வைத்தபடி, ஓசையில்லாமல், அசையாமல் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. "முப்பது விநாடி சும்மா இருக்கறதுக்கு எதுக்கு நாலு பேரு? என்னை வீட்ல விட்டா நான் ஒருத்தனே இருப்பேனே" என்று முந்தின வாரம் அண்ணன் கேட்டிருந்தார். எண்ணும் பொறுப்பு அவனுடையது. நிறுத்துகடிகாரத்தை இசைத்தாள் தாங்கியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டாம் விநாடியில் பக்கத்தில் 'டக்' என்று வில் மரத்தில் பட்ட சத்தம் கேட்டது. கண்ணைக் கடிகாரத்திலிருந்து எடுக்காமல் சொன்னான்: "அரை நிமிஷம் அசையாம இருக்க முடியாதா உன்னால?" மேலும் எண்ணினான். முப்பதில் தலையசைத்தான். மூன்று கருவிகள் ஒலித்தன. வயோலா வரவில்லை. டீச்சர் கண் திறந்து பார்த்து அலறினார்.

இத்தனையும் பதிவாகியிருந்தது. புது உருப்படியை எழுதிய பெண் வேறு ஊரில் இருந்தாள்; கேட்டுவிட்டுத் திருத்தம் சொல்கிறேன் என்றிருந்தாள். அதற்காக டீச்சர் ஒத்திகையின் தொடக்கத்திலேயே பதிவுக் கருவியைப் பியானோ மூடிமேல் வைத்து ஓட விட்டிருந்தார்.

"அழிச்சிடுங்க டீச்சர்" என்றார் மருந்துக்கடைக்காரர். குரல் கிசுகிசுப்பாக வந்தது. "அதை இனிமே யாரு கேக்கப் போறா?"

"அவர் கடைசியா வாசிச்சது அதுலதான் இருக்கு."

"வேற என்ன இருக்குன்னும் உங்களுக்குத் தெரியும். இருபத்தஞ்சு வருஷமா கடை வெச்சிருக்கேன். வயசான மனுஷன் ஒருத்தர் வந்து இடது தோளு ஒரு மாதிரி இருக்குன்னா மாத்திரை குடுக்க மாட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு துரத்துவேன். நானும் சேந்து சிரிச்சேன் டீச்சர். அந்தச் சிரிப்பும் அதுல இருக்கு."

டீச்சர் கைப்பையிலிருந்து பதிவுக் கருவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். "உங்க அண்ணன். நீங்க என்ன செஞ்சாலும் சரி. என்கிட்ட மட்டும் சொல்லாதீங்க."

தீப்பெட்டி அளவுதான் இருந்தது. அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அண்ணி படியேறி வந்துகொண்டிருந்தாள். கழுத்தில் வேலை அட்டை தொங்கியது.

அவள் நீர் வாரியத்தில் தொலைபேசிப் புகார் எடுப்பவள். வேலை நேரத்தில் கைப்பேசியைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட வேண்டும். அதனால் அவன் புகார் எண்ணுக்கே அழைத்தான். 'உங்கள் அழைப்பு வரிசையில் ஏழாவதாக உள்ளது' என்று ஒரு பெண்குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. ஏழு ஆறாகி, ஆறு ஐந்தாகி, கடைசியில் மணி அடித்தபோது அண்ணியே எடுத்தாள். "நீர் வாரியம், உங்க புகாரைச் சொல்லுங்க." அவனுக்குப் பேச்சு வரவில்லை. "தண்ணி வரலையா? குழாய் உடைஞ்சிருக்கா?" என்று கேட்டாள். அவன் மூச்சைக் கேட்டதும், "தம்பிதானே?" என்றாள். பிறகு, "எந்த ஆஸ்பத்திரி?"

தாழ்வாரத்தில் அவள் மூவரையும் ஒரு தடவை பார்த்தாள். அதற்குமேல் யாரும் அவளுக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளே போய்க் கால்மணி நேரம் இருந்தாள். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டே கால் இருக்கும் அண்ணி."

"என்ன வாசிச்சிட்டிருந்தீங்க?"

"புதுசு."

"டீச்சர் எல்லாத்தையும் பதிவு பண்ணுவாங்கன்னு சொல்லுவாரே. இன்னிக்கும் பண்ணாங்களா?"

டீச்சரின் பார்வை அவன் சட்டைப் பைக்குப் போனது.

"பண்ணாங்க" என்றான் அவன்.

"எனக்கு அது வேணும்."

மறுநாள் வீடு நிறைய ஆட்கள். இரவல் நாற்காலிகள் கூடத்தில் நெருக்கியடித்துக் கிடந்தன. பிள்ளை இல்லாத வீடு. எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அண்ணியும் அவனும்தான். வருகிறவர்களுக்கு டம்ளர் எடுத்துக் கொடுப்பதும் இறுதிச் சடங்குக் கூடத்துக்கு நேரம் குறிப்பதும் அவன் வேலையாயின. நாளைக் காலை பதினொரு மணி என்று முடிவானது.

மதியம் பல் மருத்துவமனை ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. "அந்தக் கடைவாய்ப் பல்லு ரெடியா? பேஷன்ட் நாளைக்கு வர்றாங்க." அவன் விஷயத்தைச் சொன்னான். அந்தப் பக்கம் பதறிப்போய், பல்லெல்லாம் பிறகு பார்க்கலாம் என்றார்கள். பக்கத்தில் நின்ற அண்ணி, "ரெடிதானே, குடுத்து அனுப்பு. அவர் சொன்ன தேதி தவறினதில்ல" என்றாள். அவன் பஞ்சுப் பொட்டலத்தை ஓர் உறையில் போட்டு ஒருவரிடம் கொடுத்தனுப்பினான்.

அந்த வேலை முடிந்த கையோடு அண்ணி சொன்னாள்: "நாளைக்குப் பேச்செல்லாம் வேண்டாம். நல்லவர், வல்லவர்னு நாலு பேரு மைக்கைப் பிடிச்சுக்கிட்டு இழுப்பாங்க. அவரே வாசிக்கட்டும். அந்தப் பதிவைப் போட்டுடு. கூடத்துல ஸ்பீக்கர் இருக்காம், கேட்டுட்டேன்."

அவன் டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

"அது சரியா பதிவாகல போலிருக்கு அண்ணி. ஒரே இரைச்சல்."

"நீ கேட்டுப் பாத்தியா?"

"கேட்டேன்."

"முழுசா?"

"கொஞ்சம்."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு, "சரி" என்றாள்.

அந்தச் 'சரி' அவனுக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில் அண்ணன் அதை எத்தனையோ முறை நடித்துக் காட்டியிருக்கிறார். மூன்று நாளாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை என்று ஒருவன் சத்தியம் செய்வானாம், பின்னால் குழாய் ஓடும் சத்தம் கேட்குமாம். அண்ணி அவனிடம் சண்டைக்குப் போகமாட்டாளாம். 'சரி' என்பாளாம், எழுதிக்கொள்வாளாம்.

அவன் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். அண்ணனின் பட்டறை அது. அலமாரி நெடுக முன்பின் தெரியாத மனிதர்களின் பல் அளவுக்காக வார்த்த சுண்ணத் தாடைகள், எண் ஒட்டப்பட்டு, எல்லாம் வாயைப் பிளந்தபடி. அவன் பதிவுக் கருவியை எடுத்து அழிக்கும் பொத்தானை அழுத்தினான். 'அழிக்கவா?' என்று அது கேட்டது. ஆம், இல்லை என்று இரண்டு சொற்கள் மாறி மாறி மின்னின. கூடத்தில் யாரோ அண்ணியிடம், "தூக்கத்துல போற மாதிரி போயிட்டாராமே, கஷ்டப்படாம" என்று சொல்வது கேட்டது. அண்ணி என்ன பதில் சொல்கிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். நாற்காலி நகரும் சத்தம்தான் வந்தது. மின்னிக்கொண்டிருந்த சொற்கள் தாமாகவே அணைந்தன. அவன் கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு அவன் போனபோது அண்ணி சமையலறை மேசையில் துணி விரித்து அண்ணனின் கறுப்புச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கச்சேரிச் சட்டை. வீட்டில் வேறு யாரும் இல்லை. எல்லோரும் நேரே கூடத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"காபி போட்டு வெச்சிருக்கேன். எடுத்துக்க."

அவன் எடுத்துக்கொள்ளவில்லை. பையிலிருந்து பதிவுக் கருவியை எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்தான்.

"இரைச்சல் இல்ல அண்ணி. பொய் சொன்னேன்."

"தெரியும்."

"நான் அழிச்சிருப்பேன். முடியல."

"அப்படி என்ன இருக்கு அதுல?"

"என் குரல்."

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவன் சொன்னான். தோள் ஒரு மாதிரி இருக்கிறது என்று அண்ணன் சொன்னது, தான் அடித்த ஜோக், சிரிப்பு, ஆறாம் பக்கம், பன்னிரண்டாம் விநாடி, தான் சொன்ன வார்த்தை, திரும்பிப் பார்க்காதது. டாக்டர் கேட்டபோது இல்லை என்று சொன்னதையும் சொன்னான். சொல்லி முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசவில்லை. வாரியத்தில் கிறுக்குப் பிடித்தவர்களின் புகாரையும் அவள் அப்படித்தான் கேட்பாளாக இருக்கும்.

"போடு" என்றாள்.

"அண்ணி, வேண்டாம்."

"போடு. நான் கேட்டுக்கறேன்."

பழைய உருப்படி இருபத்திரண்டு நிமிடம். அவள் நின்றபடியே கேட்டாள். குடல்தந்திகளின் சொரசொரப்பான ஒலி சமையலறை ஓடுகளில் பட்டு வந்தது. நான்கு குரல்கள் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டு போயின. நடுக்குரல் ஓரிடத்தில் மட்டும் மேலெழுந்து வந்தபோது, "இது அவர்" என்றாள். அவன் தலையசைத்தான்.

இசை முடிந்தது. தாள் புரளும் சத்தம். வாத்தியப் பெட்டி திறக்கும் சத்தம். பிறகு அண்ணன்: "தோளு ஒரு மாதிரியா இருக்குப்பா. ஒரு பத்து நிமிஷம்..."

"நிறுத்து. அதைத் திரும்பப் போடு."

போட்டான். அவள் இன்னொரு முறை கேட்டாள். அவனுடைய ஜோக் வரும்வரை போகவிடவே இல்லை. கணவரின் அந்த ஒரு வாக்கியத்தையே மூன்று தடவை கேட்டாள்.

"உங்ககிட்ட சொல்லியிருக்கார்" என்றாள். "அன்னிக்குக் காலையில என்கிட்ட, தூக்கத்துல பிசகிடுச்சுன்னார். சட்டைக்குள்ள கையை விட முடியல. நான்தான் மாட்டி விட்டேன். பிசகினா தைலம் தேய்ச்சு விடறேன்னேன், நேரமாச்சுன்னார்."

"பயப்படுவீங்கன்னு..."

"பயப்படுவேன்னு இல்ல. போக விடமாட்டேன்னு." அவள் குரல் முதல்முறையாக உடைந்தது, கோபத்தில். "இருபத்தாறு வருஷம். ஊரான் வீட்டுக் குழாயில என்ன கோளாறுன்னு குரலை வெச்சே சொல்லுவேன். என் வீட்டுக்குள்ள ஒரு ஆளு என்னை ஏமாத்திட்டுப் போயிருக்கார். மேல போடு."

அவனுடைய ஜோக் வந்தது. சிரிப்பு வந்தது. நால்வரின் சிரிப்பில் அண்ணனுடையது தனியாகத் தெரிந்தது, மூக்கில் ஏறி இறங்கும் சிரிப்பு. புது உருப்படி தொடங்கியது. அண்ணி மேசையில் கிடந்த பென்சிலை எடுத்துக்கொண்டாள். எழுத எதுவும் இல்லை, கை பழக்கம். மௌனம் வந்தபோது அவள் தலை லேசாகச் சாய்ந்தது. ஜன்னலுக்கு வெளியே எங்கோ ஒரு வண்டி போனது அந்தப் பதிவில் கேட்டது. டக். அவனுடைய வார்த்தை. அவனுக்கே தன் குரல் அந்நியமாக இருந்தது. அத்தனை சலிப்பு அதில். பிறகு பதினெட்டு விநாடி. சமையலறையில் இருவரும் அசையவில்லை. மூன்று கருவிகள் ஒன்றாக ஒலித்ததும் அவனே அதை நிறுத்தினான்.

"அவர் இல்லாமயே ஆரம்பிச்சிட்டீங்க" என்றாள் அண்ணி.

"எனக்குத் தெரியல அண்ணி."

"பக்கத்துலதானே உக்காந்திருந்த?"

"ஆமா."

"கை நீட்டினா தொடற தூரம்."

"ஆமா."

"ஏன் பாக்கல?"

"கோபம். புதுசுன்னாலே வேணும்னே கெடுக்கறார்னு நெனச்சேன்."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

"அழாத. உன்னைத் தேத்த எனக்கு இப்ப நேரமில்ல."

இஸ்திரிப் பெட்டியின் சூடு ஆறியிருந்தது. திரும்பச் சூடேறும்வரை காத்திருந்து, சட்டையில் மீதியிருந்த ஒரு கையை இஸ்திரி போட்டு முடித்தாள். காலரை மடித்தாள்.

"நீ அவர்கிட்ட எப்பவுமே இப்படித்தான் பேசுவ" என்றாள், சட்டையைப் பார்த்தபடி. "அவரும் இளிச்சுக்கிட்டே வீட்டுக்கு வருவார். தம்பி இன்னிக்கு என்ன சொன்னான் தெரியுமான்னு ஒண்ணு விடாம சொல்லுவார். எனக்குப் பத்திக்கிட்டு வரும்." சட்டையை மாட்டியில் கோத்து அவனிடம் நீட்டினாள். "கசங்காம பிடி. கூடத்துல பழசு மட்டும் போதும். நீயே பக்கத்துல உக்காந்து, அது முடிஞ்சதும் நிறுத்திடு. அதுக்கப்புறம் இருக்கறது இந்த வீட்டு விஷயம்."

இறுதிச் சடங்குக் கூடம் பள்ளி வகுப்பறை போல இருந்தது. நீள ஜன்னல்கள், மர பெஞ்சுகள். முன்னால் மேசை மேல் திறந்த சவப்பெட்டி. கறுப்புச் சட்டை அண்ணனுக்குக் கழுத்தருகே சற்றுப் பெரிதாகத் தெரிந்தது. எண்பது பேர் வந்திருந்தார்கள். பல் டாக்டர்கள் இரண்டாம் வரிசையில் சேர்ந்தாற்போல் உட்கார்ந்திருந்தார்கள். வாரியத்திலிருந்து அண்ணியின் தோழிகள். டீச்சரும் மருந்துக்கடைக்காரரும் ஓரத்தில், கருவிகள் இல்லாமல், கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்களாக.

ஸ்பீக்கர் கம்பியைப் பதிவுக் கருவியில் செருகியிருந்தார்கள். சிறிய முக்காலியில் அது இருந்தது. ஒரு பக்கம் அவன், மறுபக்கம் அண்ணி. சரியாகப் பதினொன்றுக்கு அவன் பொத்தானை அழுத்தினான்.

இருபத்திரண்டு நிமிடமும் அவன் இசையைக் கேட்கவில்லை. கடைசிப் பத்தி எத்தனை சுற்று, கடைசி வில்லிழுப்பு எவ்வளவு நீளும், அது தேய்ந்ததும் தாள் புரள எத்தனை விநாடி என்றே எண்ணிக்கொண்டிருந்தான். நான்கு விநாடி. அதற்குள் நிறுத்திவிட வேண்டும். கட்டைவிரல் வியர்த்தது. கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி பொத்தான்மேல் வைத்தான். ஓரத்தில் மருந்துக்கடைக்காரர் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி ஒலி நீண்டது. தேய்ந்தது. கூடத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அவன் அழுத்தப் போனான். அண்ணியின் கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் நேரே பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடி தளரவில்லை.

தாள் புரண்டது. வாத்தியப் பெட்டி திறந்தது. கூடத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் அண்ணனின் குரல் வந்தது. "தோளு ஒரு மாதிரியா இருக்குப்பா. ஒரு பத்து நிமிஷம் உக்காந்துட்டு ஆரம்பிக்கலாமே."

குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்தன.

"உக்காந்துதானே வாசிக்கிற? என்னமோ நின்னுக்கிட்டு வாசிக்கிற மாதிரி!"

ஸ்பீக்கரில் சிரிப்பு எழுந்தது. அண்ணன் மூக்கால் சிரித்தார், மூச்சு வாங்கினார், மறுபடி சிரித்தார். முதலில் பல் டாக்டர் ஒருவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். பிறகு வாரியத்துப் பெண்கள். பிறகு கூடம் முழுக்க, கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே சிரித்தார்கள். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். மருந்துக்கடைக்காரர் எழுந்து, பெஞ்சுகளுக்கு நடுவே யார் காலையோ மிதித்துக்கொண்டு வெளியே போனார்.

அண்ணன் சிரித்து ஓய்ந்ததும் அண்ணி கையை எடுத்தாள். அவன் நிறுத்தினான். மணிக்கட்டில் அவள் விரல்கள் பதிந்த இடம் வெளுத்திருந்து மெல்லச் சிவந்தது.

கூடத்தின் பின்கதவு வழியாகப் பெட்டி போயிற்று. வாசலில் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். முதலில் சிரித்த பல் டாக்டர் அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"கடைசி நாள் வரைக்கும் தம்பிகூட சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கார். எத்தனை பேருக்குக் கிடைக்கும் இது?"

அவன் தலை குனிந்துகொண்டான். டாக்டர் அதையும் துக்கம் என்று எடுத்துக்கொண்டு தோளில் தட்டிவிட்டுப் போனார். பக்கத்தில் அண்ணி அடுத்தவருக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு இருவரும் அவன் காருக்கு நடந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. காலையில் சட்டையோடு பின்னிருக்கையில் வந்த அண்ணி இப்போது முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். அந்த இருக்கையில் ஆள் உட்கார்ந்து வெகுநாளாயிற்று. எப்போதும் செல்லோதான் அங்கே பயணம் செய்யும். அதற்காக இருக்கையைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி, சாய்வைப் படுக்கை போல இறக்கி வைத்திருந்தான். அவள் சாய முடியாமல், கால் எதிலும் முட்டாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சரிசெய்துகொள்ளத் தோன்றவில்லை அவளுக்கு.

அவன் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்தான். கதவருகே குந்தி, இருக்கைக்கு அடியில் கையை விட்டு நெம்புகோலைத் தேடினான். சாய்வு கிறீச்சிட்டு எழுந்து வந்து அவள் முதுகைத் தொட்டது. இருக்கையை ஒரு பல் முன்னால் நகர்த்தினான்.

"போதுமா அண்ணி?"

அவள் காலை நீட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.